பாதியில் விட்ட வேலை

ஜனவரி 12

பெருமதிப்பிற்குரிய ஐயா,

நமது பள்ளி வரும் ஜூலை மாதத்தில் நூற்று இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்கிறது. கப்பலில் வந்திறங்கிய மூன்று துறவிகள், கைவிடப்பட்ட ஒரு சரக்குக் கிடங்கில், பதினொரு பையன்களை வைத்துத் தொடங்கிய பள்ளி இது. காய்ச்சலில் இரண்டு துறவிகளை இழந்து, போர்க்காலத்தில் மருத்துவமனையாகி, ஒரு தீ விபத்தில் பாதிக் கட்டடத்தைப் பறிகொடுத்து, இன்று இரண்டாயிரம் மாணவர்களோடு தலைநிமிர்ந்து நிற்கிறது.

இதையொட்டி வெளியிடவிருக்கும் மலரில் ‘புகழ் பூத்த முன்னாள் மாணவர்கள்’ என்றொரு பகுதி இடம்பெறுகிறது. ஒரு நீதிபதி, ஒரு பிஷப், இரண்டு கப்பல் தலைவர்கள், ஒரு கண் மருத்துவர் என நாற்பது பேரைத் தெரிவு செய்திருக்கிறோம். கால் இழந்தவர்களை நடக்க வைக்கும் பணிக்காக அண்மையில் அரசின் விருது பெற்ற தங்களையும் அதில் சேர்ப்பதில் பெருமையடைகிறோம்.

தங்கள் புகைப்படம் ஒன்றும், இருநூறு சொற்களுக்கு மிகாத வாழ்க்கைக் குறிப்பும், பள்ளி நாட்களின் இனிய நினைவு ஒன்றும் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
மலர்க் குழுச் செயலர்


ஜனவரி 21

செயலர் அவர்களுக்கு,

இனிய நினைவு ஒன்று கேட்டிருந்தீர்கள். தருகிறேன்.

நாற்பத்தாறு வருடங்களுக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை. எண்ணூறு பையன்கள் மைதானத்தில் வரிசையாக நிற்கிறார்கள். தலைமையாசிரியராக இருந்த பெரிய சாமி என் பெயரைப் படிக்கிறார். நான் முன்னே வந்து நிற்கிறேன். தேர்வுத்தாள் திருடியதற்காக இந்த மாணவன் பள்ளியிலிருந்து நீக்கப்படுகிறான் என்கிறார். அவ்வளவுதான். நான் தனியாக நடந்து கேட்டைத் தாண்டும்போது வகுப்பு மணி அடிக்கிறது. வழக்கமாக ஒன்பது அடி. அன்றைக்குப் பன்னிரண்டு. அடித்தவனுக்குக் கை நிற்கவில்லை போலிருக்கிறது. எண்ணிக்கொண்டே போனேன்.

கையெழுத்துப் போடாமல் விட்டால் தெரியாது என்று நினைத்தாயா, மணியடி? கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் உறை மேல் விலாசத்தையும் தட்டச்சு செய்திருக்கலாம். இடப்பக்கம் சாய்ந்து, வரி முடிகிற இடத்தில் மேலே ஏறுகிற உன் கையெழுத்தை நான் மறப்பேனா? மூன்று வருடம் என் கணக்கு நோட்டைப் பார்த்து நீ எழுதினது அந்தக் கையெழுத்தில்தானே.

என் மகள் கேட்டாள்: “யாருப்பா இது? பெருமதிப்பிற்குரியன்னெல்லாம் போட்டிருக்காங்க?”

“என்கூடப் படிச்சவன்.”

“ஃப்ரெண்டா?”

“அவனைத்தான் கேக்கணும்.”

நான் உட்கார்ந்திருக்கிற அறையின் கம்பியில் இருபத்தாறு கால்கள் தொங்குகின்றன. எல்லாம் பிளாஸ்டர் அச்சு. ஒவ்வொன்றின் தொடையிலும் பென்சிலால் ஒரு பெயர். பெயர் மாறினால் ஒருவன் இன்னொருவன் காலில் நடக்கவேண்டி வரும், புண்ணாகிவிடும். அதனால் பெயர் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார்.

என் படம் வேண்டுமென்றால் ஒரு வேலை செய். பள்ளியில் விலகல் பதிவேடு என்று ஒன்று இருக்கும். அதில் என் பெயருக்கு நேரே ‘காரணம்’ என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, ஓர் எழுத்து விடாமல் எழுதி அனுப்பு.

ஆப்பு
(தச்சன் மகனுக்கு நீங்கள் எல்லாரும் சேர்ந்து வைத்த பெயர்தான்.)


ஜனவரி 30

ஆப்பு,

பிடித்துவிட்டாய். உன்னிடம் ஒளிக்க நினைத்தது என் முட்டாள்தனம்.

இதே பள்ளியில் முப்பத்து நான்கு வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தேன். ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. மலர் என்றதும் எல்லோரும் என் தலையில் கட்டிவிட்டார்கள். நூலகத்துக்குப் பின்னால் ஒரு சிறிய அறை. பழைய பதிவேடுகள் கூரைவரை அடுக்கியிருக்கின்றன. ஒன்றை உருவினால் மூன்று விழும். தும்மித் தும்மியே நூற்று இருபத்தைந்து வருடத்தையும் படித்து முடித்தேன்.

நீ கேட்டது கிடைத்தது. நீல மையில் எழுதியிருக்கிறது. தந்தை தொழில்: பள்ளித் தச்சர். காரணம்: “திருட்டு.” நடத்தை: “திருப்தியற்றது.” ஓர் எழுத்து விடவில்லை.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அதே பக்கத்தில் நான்கு வரி கீழே என் பெயர் இருக்கிறது. காரணம்: “படிப்பு முடிந்தது.” நடத்தை: “மிக நன்று.”

இப்போது இருக்கிற தலைமையாசிரியர் இளவயதுப் பாதிரியார். நல்ல மனுஷன். உன்னைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டு, “சார், இவர் நம்ம ஸ்கூலா! எப்படி சார் விட்டீங்க?” என்று குதித்தார். எப்படி விட்டோம் என்று நான் சொல்லவில்லை.

உன் அப்பா செய்த பாவசங்கீர்த்தனத் தொட்டியை மலரில் படமாகப் போடுகிறோம். பள்ளிக் கோயிலில் அதே மூலையில்தான் இருக்கிறது. நடுவில் சாமியார் உட்காரும் கூடு, இரண்டு பக்கமும் திரை, முட்டி போட்டுப் பாவம் சொல்ல ஆளுக்கொரு பலகை, வலைச் சட்டம். மெருகு இன்னும் போகவில்லை. இடப்பக்கத்துப் பலகை மட்டும் ஆடுகிறது. நம் காலத்திலிருந்தே ஆடுகிறது. எத்தனையோ தச்சர்கள் வந்து பார்த்துவிட்டு, “கழட்டினா மொத்தமும் கழண்டுடும் சார்” என்று போய்விட்டார்கள். பையன்கள் அதில் முட்டி போட்டால் சிரிப்பு வந்துவிடுகிறது. பாவம் பாதியில் நிற்கிறது.

நடந்தது நடந்துபோயிற்று. நமக்கும் அறுபத்திரண்டு ஆயிற்று. பழையதைக் கிளறாமல், உனக்கு உரிய இடத்தில் உன் பெயரைப் போட அனுமதி கொடு. அந்த நாற்பது பேரில் உண்மையிலேயே எதையாவது செய்தவன் நீ ஒருவன்தான்.

மணியடி


பிப்ரவரி 8

மணியடி,

“நடந்தது நடந்துபோயிற்று.” வரலாற்று வாத்தியார் பேசுகிற பேச்சா இது? முப்பத்து நான்கு வருடம் இதைச் சொல்லியா சம்பளம் வாங்கினாய்?

நீதிபதியைச் சேர்த்திருக்கிறாய், சரி. நம் வகுப்புத் தூங்குமூஞ்சிதானே? கால்பந்துக்கு நடுவராக நின்று இரண்டு பக்கமும் மிட்டாய் வாங்கியவன். அவன் நீதிபதி ஆனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நீ வரலாறு எழுதுவதில்தான் ஆச்சரியம்.

நடந்தது என்ன என்று நான் சொல்கிறேன், குறித்துக்கொள். அலுவலக அறையில் தேர்வுத்தாள் சைக்ளோஸ்டைல் செய்வார்கள். உருட்டி முடித்த மெழுகுத் தாளைக் குமாஸ்தா ஒரு தகர டின்னில் போட்டு, சாயங்காலம் எரிப்பார். டின் இருந்தது உன் மணிக் கயிற்றுக்குப் பக்கத்தில். அந்தத் தாள் என் அப்பாவின் தச்சுக் கொட்டகையில், மரச்சுருள் சாக்குக்குள் கிடைத்தது. விடுதி சமையல்காரர் தினமும் அந்தச் சாக்கை அப்படியே அடுப்பில் திணிப்பார். அந்த வெள்ளிக்கிழமை எதற்கோ கவிழ்த்தார், தாள் விழுந்தது. கொட்டகையில் உட்கார்ந்து படிக்கிறவன் நான். எல்லா அறைச் சாவியும் வைத்திருக்கிறவர் அப்பா. வேறு என்ன வேண்டும் அவர்களுக்கு?

அந்தக் கொட்டகைக்கு என்னைத் தவிர வந்துபோகிறவன் நீ ஒருவன்தான். கணக்குச் சொல்லிக்கொடு என்று வருவாய். இதை நான் அன்றே பெரிய சாமியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீயே வந்து சொல்வாய் என்று காத்திருந்தேன். பதினாறு வயதில் நான் எவ்வளவு பெரிய மடையன் என்று பார்.

என் கதை போகட்டும். அப்பாவைச் சொல்கிறேன்.

தாள் கிடைத்த மறுநாள், சனிக்கிழமை சாயங்காலம், அப்பா வேலை முடிந்து வீட்டுக்கு வந்தார். கையில் கொட்டாப்புளி இல்லை. தூங்கும்போதுகூடத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிற சுத்தியல் அது. “கொட்டாப்புளி எங்கப்பா?” என்றேன். “விட்டுட்டு வந்துட்டேன்” என்றார். போய் எடுக்கவும் இல்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. நீ எடுத்தியா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடிக்கவில்லை. திட்டவில்லை. நான் அழுதுகொண்டே, “நான் எடுக்கலப்பா” என்றேன். “சரி, சாப்பிடு” என்றார்.

நான் எடுத்தேன் என்று அவர் முடிவு செய்துவிட்டார். அதனால்தான் கேட்கவில்லை. இதை நான் அன்றைக்கே புரிந்துகொண்டேன்.

என்னை நீக்கிய மாதக் கடைசியில் பள்ளிக்குப் பின்னால் இருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அப்பா வேறு ஊரில் சரக்குப் பெட்டி அடிக்கிற தொழிற்சாலையில் சேர்ந்தார். தேக்கில் சிலுவை செதுக்கின கை, நாள் முழுக்க ஆணி அடித்தது. அங்கே ஒருவனுக்கு இயந்திரத்தில் கால் போனது. அவனுக்கு ராத்திரியெல்லாம் உட்கார்ந்து மரத்தில் ஒரு கால் செய்து கொடுத்தார் அப்பா. விருது எனக்குக் கொடுத்தார்கள், முதல் கால் அவருடையது.

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவார். கடைசி பெஞ்சில் உட்காருவார். ஆனால் அதன்பிறகு சாகிறவரை அவர் பாவசங்கீர்த்தனம் செய்து நான் பார்த்ததில்லை. என்னால் வந்த வெட்கம் என்று நினைத்தேன். கடைசி நாட்களில் ஒருமுறை என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றார். “சொல்லுங்கப்பா” என்றேன். பிறகு, “சொல்லக் கூடாதுப்பா” என்றார். உன்னை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வந்து, அதுகூட வாயில் வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் போய் இருபத்திரண்டு வருடம். அவர் கடைசியாகக் கேட்டபடி, உங்கள் கோயிலில் அவருக்காகப் பூசை வைக்கச் சொல்லிப் பள்ளிக்கு எழுதினேன். பள்ளி முகவரி போட்ட தாளில் ஒரு பதில் வந்தது. “ஆழ்ந்த இரங்கல்.” இடப்பக்கம் சாய்ந்த எழுத்து.

உன் மலரில் ஒரு வரி எழுது: அந்தத் தாளை எடுத்தவன் யார் என்று. பிறகு என் படத்தை எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்.

ஆப்பு


பிப்ரவரி 19

ஆப்பு,

நான்தான் எடுத்தேன்.

இதை எழுத மூன்று நாள் ஆயிற்று. எழுதியபின் பார்த்தால் இரண்டே சொல்.

கணக்கில் ஒருமுறையாவது உன்னைத் தாண்டவேண்டும் என்று வெறி எனக்கு. டின்னிலிருந்து எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். பிறகு பயந்து, காலையில் அடுப்புக்குப் போய்விடும் என்று அந்தச் சாக்கில் சொருகினேன். உன்னை மாட்டிவிட அல்ல. சத்தியமாக அல்ல. தாள் வெளியே வந்ததும் தேர்வுக்கு வேறு கேள்விகள் போட்டுவிட்டார்கள். நான் படித்ததில் ஒன்றும் வரவில்லை. நீ இல்லாததால் முதல் இடமும் பதக்கமும் எனக்கு வந்தது.

ஆனால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்று மட்டும் நினைக்காதே. சொன்னேன். மறுநாளே சொன்னேன். சனிக்கிழமை சாயங்காலம் பெரிய சாமியிடமே போய் எல்லாவற்றையும் சொன்னேன், உன்னை நீக்குவதற்கு ஒன்பது நாள் முன்பே. எடுத்தது, படித்தது, ஒளித்தது, நீ ஒன்றும் அறியாதவன் என்பது எல்லாம். அதன்பிறகும் அவர் உன்னை நீக்கினார். அது என் கையிலா இருந்தது? இத்தனை வருடமாக நான் சுமந்துகொண்டிருக்கிற கேள்வி அதுதான்.

மணியடி


பிப்ரவரி 24

மணியடி,

ஒரே ஒரு கேள்வி. எங்கே வைத்துச் சொன்னாய்?

சனிக்கிழமை சாயங்காலம் என்றால் அவர் அலுவலக அறையில் இருக்கமாட்டார். கோயிலில் தொட்டிக்குள் இருப்பார். அங்கேதானே முட்டி போட்டாய்?

ஞானோபதேசத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கியவனே, அங்கே சொன்னதை அவர் வெளியே சொல்லக்கூடாது, அதை வைத்து ஒரு துரும்பைக்கூட அசைக்கக்கூடாது என்று உனக்குத் தெரியாதா? கொலைகாரன் சொன்னாலும் ரகசியம் ரகசியம்தான் என்று அவர் பாடம் நடத்தியபோது எழுந்து நின்று ஒப்பித்தவன் நீ. உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

உலகத்தில் எத்தனையோ காது இருந்தது. என் காது இருந்தது. எதற்கும் பயன்படாத ஒரே காதைத் தேடிப் பிடித்துச் சொல்லியிருக்கிறாய். உன் நெஞ்சு லேசானது. அவர் கையைக் கட்டிப்போட்டாய். நீ சொல்லாமலிருந்தாலாவது அந்த மனுஷன் தேடிக் கண்டுபிடித்திருப்பார்.

இந்த ஒன்றை நீ எழுதாமலே இருந்திருக்கலாம். திருடன் என்றால் மன்னித்துவிடலாம். நீ கெட்டிக்காரன்.

மலரில் என் பெயர் வரக்கூடாது. இனி எழுதாதே.

ஆப்பு


மார்ச் 17

ஆப்பு,

எழுதாதே என்றாய். இது ஒன்றை மட்டும் படித்துவிடு. பிறகு கிழித்துப்போடு.

நீ சொன்னது சரி. எனக்குத் தெரியும். தெரிந்துதான் அங்கே போனேன். ஆனால் பாதிதான் தெரிந்துகொண்டிருக்கிறாய். மீதியையும் கேள்.

நான் சொல்லி முடித்ததும் பெரிய சாமி, “இங்க கேட்டத நான் இங்கயே விட்டுட்டுப் போகணும். நீ இதையே என் ரூமுக்கு வந்து சொல்லு. வெளிய சொன்னா நான் எதுவும் செய்வேன்” என்றார். வருகிறேன் என்றேன். அந்த வாக்கின் பேரில்தான் எனக்குப் பாவமன்னிப்பே கொடுத்தார்.

திங்கட்கிழமை உன் பெயரைப் படிக்கவேண்டியது. உனக்கு நினைவிருக்கும், ஒரு வாரம் தள்ளிப்போட்டார். உன் மேல் இரக்கம் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அவர் எனக்காகக் காத்திருந்தார். எப்போதும் சாத்தியே இருக்கிற அவர் அறைக் கதவு அந்த வாரம் முழுக்கத் திறந்திருந்தது. அந்தக் கதவுக்கு எட்டடி தூரத்தில் என் மணிக் கயிறு. ஒரு நாளைக்கு எட்டு தடவை போய் அடித்தேன். எட்டு தடவையும் அவர் தலை நிமிர்ந்து பார்த்தார். நான் கயிற்றைப் பார்த்தேன்.

ஆண்டு விழாவில் பதக்கத்தை என் சட்டையில் குத்தினவர் அவர்தான். ஊசி என் மேல் குத்திவிட்டது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் ஆ என்று கத்தவில்லை. அடுத்த வருடமே மாற்றல் கேட்டுப் போய்விட்டார். மலரில் அவரைப் பற்றி “ஒழுக்கத்தில் கண்டிப்பானவர்” என்று எழுதி வைத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன்.

போன திங்கட்கிழமை அதே அறைக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது, தட்டினேன். இளவயது சாமியார் காபி குடித்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றே சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“சார், இது... பாவசங்கீர்த்தனமாவா சொல்றீங்க?”

“இல்ல ஃபாதர். உங்க ரூம்ல நின்னு சொல்றேன். நீங்க யாருகிட்ட வேணும்னாலும் சொல்லலாம்.”

அவர் யோசித்துவிட்டு, “நூத்தி இருபத்தஞ்சு வருஷ மலர் சார். அதுல இது வேண்டாமே” என்றார். நல்ல மனுஷன் என்று எழுதியிருந்தேன். இப்போதும் நல்ல மனுஷன்தான். ஆனால் விலகல் பதிவேட்டில் திருத்தம் எழுத ஒத்துக்கொண்டார். உன் பெயருக்கு நேரே ‘திருட்டு’ என்பதை அடித்து, “தவறான குற்றச்சாட்டு. எடுத்தவர் இதே பக்கத்தில் உள்ள மாணவர்” என்று என் பெயரைச் சொல்லி, என் கையாலேயே எழுதி, அவர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கியிருக்கிறேன். நகல் இத்துடன் இருக்கிறது. மலர் வேலையை விட்டுவிட்டேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் உன்னிடம் சொல்லவேண்டியது. முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்கவேண்டும். இருபத்திரண்டு வருடம் முன்பு அந்த இரங்கல் தாளில் சொல்லியிருக்கவேண்டும்.

அந்தச் சனிக்கிழமை நான் கூட்டம் வருவதற்கு முன்பே கோயிலுக்குப் போனேன். காலியாக இருந்தது. வலப்பக்கம் முட்டி போட்டுச் சொன்னேன். எழுந்து வெளியே வந்தேன். அப்போது இடப்பக்கத்துத் திரை விலகியது.

உன் அப்பா. ஆடுகிற பலகையைச் சரிசெய்ய உள்ளே படுத்திருந்திருக்கிறார். சாமிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் ஆரம்பித்ததும் எழுந்தால் எனக்கு அவமானமாகும் என்று அசையாமல் கிடந்திருப்பார். பிறகு உன் பெயர் காதில் விழுந்திருக்கும். கொட்டாப்புளியைச் சத்தம் வராமல் தரையில் வைத்தார். என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். எழுந்து போய்விட்டார்.

சாமியார் மட்டுமல்ல, தற்செயலாகக் காதில் விழுந்தவரும் வாய் திறக்கக்கூடாது. அதையும் பாடத்தில் படித்தோம். உன் அப்பாவுக்கு அது நம்மைவிட நன்றாகத் தெரியும். ஒரு சொல்லும் வெளியே கசியக்கூடாது என்று பலகைக்குப் பலகை இடைவெளி இல்லாமல் அந்தத் தொட்டியை இழைத்தவரே அவர்தானே.

அந்த வாரம் முழுக்க அவர் என் மணிக் கயிற்றுக்கு எதிரே இருக்கிற ஜன்னல் சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே இழைத்து முடித்த சட்டம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒருமுறை, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “கதவு திறந்துதான் இருக்கு, தம்பி.” அவ்வளவுதான். நான் மணியடித்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

மூன்று பேருக்குத் தெரியும், ஆப்பு. இரண்டு பேர் வாயைக் கட்டியாயிற்று. கட்டில்லாத வாய் என்னுடையது ஒன்றுதான்.

உன் அப்பா உன்னைத் திருடன் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை.

மணியடி


மார்ச் 29

மணியடி,

கடிதம் வந்து எட்டு நாள். பட்டறைக்குப் போகவில்லை. அச்சுகள் எல்லாம் அப்படியே தொங்குகின்றன. “உடம்பு சரியில்லையாப்பா?” என்று மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

ஒரு தபால் அட்டை போதுமே. உன் பெயர்கூட வேண்டாம். “உன் அப்பாவுக்குத் தெரியும்” என்று மூன்று சொல். என்னைத் திருடன் என்று நினைக்கிற அப்பா என்று எண்ணியே அவருக்குச் சோறு போட்டேன், மருந்து கொடுத்தேன், சவப்பெட்டியைத் தூக்கினேன். பாசமாகப் பேசவில்லை. அவர் பேசாதபோது நான் எதற்குப் பேசவேண்டும் என்ற வீம்பு. ஒரே மேஜையில் சாப்பிட்டு, இருவரும் தட்டைப் பார்த்துக்கொண்டே இருபத்து நான்கு வருடம். கடைசியில் கையைப் பிடித்தபோதும், நான்தான் முதலில் கையை எடுத்துக்கொண்டேன். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அவர் மேலும் கோபம் வருகிறது. பெற்ற பிள்ளையைவிட அந்த ரகசியமா பெரிது என்று சுவரில் மாட்டின படத்தைப் பார்த்துக் கத்தினேன். படம் என்ன சொல்லும். “கதவு திறந்துதான் இருக்கு” என்று உன்னிடம் சொன்னாரே, அதுவே பாவம் என்று பயந்திருப்பார். அதையும் போய்ச் சொல்ல வழி தெரியாமல்தான் சாகும்வரை முட்டி போடாமல் இருந்திருக்கிறார். அப்படிப்பட்ட ஆள். எனக்கு இப்படி ஒரு அப்பாவா என்று இருக்கிறது. எந்த அர்த்தத்தில் என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை.

பதிவேட்டின் நகலைப் பார்த்தேன். முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறது. வைத்துக்கொள்கிறேன்.

மன்னிப்புக் கேட்டு நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அந்த மட்டுக்கு நல்லது. எழுதியிருந்தாலும் கொடுக்க என்னிடம் இல்லை.

மலரை யார் முடிக்கிறார்களோ அவர்களிடம் இத்துடன் வைத்திருக்கிற படத்தைக் கொடு. இது நான் அல்ல. அப்பா. தொட்டியைச் செய்து முடித்த அன்று, கையில் கொட்டாப்புளியோடு, அதன் பக்கத்தில் நிற்கிறார். படம் எடுத்தது பெரிய சாமி. அந்த நாற்பது பேரில் ஒருவராக இவரைப் போடச் சொல். முன்னாள் மாணவர் இல்லையே என்பார்கள். உங்கள் பள்ளியில் சொல்லிக்கொடுத்த பாடத்தை இவரைத் தவிர வேறு யார் படித்தார்கள் என்று கேள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எங்கள் இருவரையும் விட்டுவிடு.

கடைசியாக ஒன்று. அந்த இடப்பக்கத்துப் பலகை. அப்பாவுக்குக் கால்மணி நேர வேலை அது. அடியில் ஒரு ஆப்பைச் சரியாக இறக்கினால் முடிந்தது. எந்த வேலையையும் அவர் பாதியில் விட்டு நான் பார்த்ததில்லை. சரக்குப் பெட்டிக்குக்கூட ஆணியின் தலை வெளியே தெரியாமல்தான் அடிப்பார். அதை மட்டும்தான் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறார்.

அது ஆடட்டும். யாரையும் கைவைக்க விடாதே.

ஆப்பு